மைக்ரோவேவ் ஓடும்போது வைஃபை அறுந்தால் கதிர் கசிகிறது என்று அர்த்தமா?

கேள்வி: வளைகாப்பு முடிந்து என் மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை அவர்கள் வீட்டில் இருந்த கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவனைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை ஓடவிட்டாலே வைஃபை அறுந்துவிடுகிறது. கதிர் வெளியே வருவதால்தான் அப்படி, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, சமையலறைப் பக்கமே வராதே என்கிறார் என் நாத்தனார். போன வாரம் உள்ளே வலது பக்கச் சுவரில் பொறி வேறு பறந்தது. மகளோ எதையும் கண்டுகொள்ளாமல் ஹோட்டல் பார்சல் டப்பாவை அப்படியே உள்ளே வைத்துச் சூடாக்குகிறாள். குழந்தை பிறந்த பிறகு பாலைச் சூடாக்க இது உதவுமா, இல்லை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? அப்பளம் சுடலாம் என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அம்மா, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொறிக்கு ஒரு வழி பண்ணும்வரை ஓவனை ஓட்டாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் பயமுறுத்துவது வைஃபை, எனக்குக் கவலை தருவது அந்தப் பொறியும் பார்சல் டப்பாவும். வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன், போகிற வீட்டில் எல்லாம் இதே கதைதான்: கதிரை நினைத்துத் தூரமாக நிற்பார்கள், பிளக் உருகிக் கருகியிருப்பதைப் பார்க்க மாட்டார்கள்.

முதலில் வைஃபை. மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், உங்கள் வீட்டு வைஃபை பெட்டி பேசுவதும் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில். வைஃபை பெட்டி அனுப்பும் சக்தி 0.1 வாட் அளவுதான், ஓவனுக்குள் உருவாவதோ 800, 900 வாட். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கதவோரமாக வெளியே வந்தால்கூட அது 0.08 வாட் ஆகிவிடும், வைஃபைக்குச் சமமான சத்தம். பக்கத்தில் ஒருவர் அதே சுருதியில் பேசினால் போனில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, அதற்காகப் பேசுகிறவர் நம்மை அடித்துவிட்டார் என்று ஆகாது இல்லையா. நல்ல நிலையில் இருக்கும் புத்தம்புது ஓவனும் வைஃபையை அறுக்கும். பெட்டியைச் சமையலறைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் சொல்லி 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், தொல்லை தீர்ந்துவிடும்.

இப்போது நாத்தனார் சொல்வதற்கு வருவோம். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். மைக்ரோவேவ் என்பது ரேடியோ அலையின் உறவு, எக்ஸ்ரே போன்றதல்ல. உயிரணுவுக்குள் புகுந்து மரபணுவை உடைக்கும் பலம் அதற்குக் கிடையாது, அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, ஈரமுள்ளதைச் சூடாக்குவது. எனவே அளவு மீறி உடம்பில் பட்டால் சூடு, அந்தச் சூட்டால் புண், இதுதான் ஆபத்து. அந்த அளவு வெளியே வராமல் இருப்பதற்குத்தான் சட்டமே இருக்கிறது: ஓவனின் வெளிப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது சர்வதேசத் தரம், அமெரிக்காவிலும் 1971 முதல் இதே வரம்புதான். இது மனிதருக்குக் கேடு செய்யும் அளவைவிட மிகவும் குறைத்துப் போட்ட கணக்கு. அதோடு தள்ளி நிற்க நிற்க அது வேகமாகக் குறையும், 50 சென்டிமீட்டர் தள்ளி நிற்பவருக்கு 5 சென்டிமீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் வந்து சேரும். கதவுக் கண்ணாடியில் தெரியும் அந்தச் சல்லடைத் தகட்டின் ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர், இந்த அலையின் நீளமோ சுமார் 12 சென்டிமீட்டர், அதனால் வெளிச்சம் வெளியே வருகிறது, அலை வர முடியவில்லை. கதவைத் திறந்த அந்த நொடியே உற்பத்தி நின்றுவிடும், உணவிலும் எதுவும் தங்காது. ஆகவே கதவு ஒழுங்காக இருக்கும் ஓவன் இருக்கிற சமையலறையில் உங்கள் மகள் தாராளமாக நடமாடலாம். மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றால் ஓடும்போது ஒரு கை நீளம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

‘கதவு ஒழுங்காக இருக்கும்’ என்று சொன்னேன் அல்லவா, பார்க்க வேண்டிய இடம் அதுதான். உங்களுடையது வீடு மாற்றிக் கொண்டுவந்த ஓவன். தூக்கும்போது கதவைப் பிடித்துத் தூக்கியிருந்தாலோ, வண்டியில் இடித்திருந்தாலோ கீல் தளர்ந்திருக்கும். கதவை மூடிப் பாருங்கள், நாலு பக்கமும் சமமாக உட்கார வேண்டும், ஒரு மூலை எட்டி நிற்கக் கூடாது, மூடிய பிறகு ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. கதவோரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த குழம்பும் அப்பியிருந்தால் சோப்புத் துணியால் துடைத்து எடுங்கள், கம்பி நார் வேண்டாம். கதவு திறந்தபடி இருக்கும்போது அதன்மேல் கனமான பாத்திரத்தை வைப்பதும், கைப்பிடியில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டபடி மூடுவதும் நம் வீடுகளில் சகஜம், இரண்டையும் விட்டுவிடுங்கள். கதவு வளைந்திருந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ அது மாற்றும்வரை ஓட்டக் கூடாத ஓவன், இதில் ‘பரவாயில்லை’ என்பதே கிடையாது. செல்போனை உள்ளே வைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பது, மணி அடித்தால் கசிகிறது என்று முடிவு கட்டுவது, இதை நம்ப வேண்டாம். கொஞ்சூண்டு சிக்னல் கிடைத்தாலும் அடிக்கும்படி செய்யப்பட்டது போன், அதன் அலைவரிசையும் வேறாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கசிவை அளக்கும் கருவி இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சரி, பொறி. உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி, சாம்பலோ பழுப்போ வெள்ளியோ கலந்த நிறத்தில் ஒரு சதுரத் தகடு தெரியும். அது மைக்கா ஷீட். அதற்குப் பின்னாலிருந்துதான் அலை உள்ளே வருகிறது. அதில் குழம்பும் எண்ணெயும் தெறித்து, துடைக்காமல் விட்டு, திரும்பத் திரும்பச் சூடேறினால் அந்த இடம் கருகிக் கரியாகிவிடும், கரி மின்சாரத்தைக் கடத்தும், அங்கே பொறி பறக்கும். அநேகமாக உங்கள் வீட்டில் நடந்தது இதுதான், வலது சுவர் என்று நீங்கள் குறிப்பாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். தகட்டில் கறுப்புப் புள்ளியோ ஓட்டையோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மாற்ற வேண்டும், செலவு குறைந்த சாமான்தான், அளவு பார்த்து வெட்டிப் போட்டுவிடலாம். ‘அட்டைதானே’ என்று பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அடுத்து பிசுக்கு நேராக உள்ளே போய், அலையை உருவாக்கும் மேக்னட்ரானைக் கெடுத்துவிடும். தகடு சுத்தமாக இருந்து, உள்சுவர்ப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தாலும் பொறி வரும். அல்லது யாராவது வெள்ளி ஜரிகை போட்ட கோப்பையை வைத்திருப்பார்கள்.

மைக்கா ஷீட்டை உள்ளிருந்தே மாற்றிவிடலாம், எதற்காகவும் வெளி மூடியைக் கழற்ற வீட்டில் யாரையும் அனுமதிக்காதீர்கள். மிக்ஸியைப் பிரித்துப் பழகிய கை இதிலும் திருப்புளியை எடுக்கும். மிக்ஸி வேறு, இது வேறு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கலாம், தொட்டால் உயிர் போகும். வீட்டுச் சாதனங்களில் பழுதுபார்ப்பவரையே கொல்லக்கூடியவற்றில் இதற்கு முதல் இடம் என்று சொல்வேன். அதேபோல் கதவில் மூன்று சுவிட்ச்சுகள் ஒன்றுக்கொன்று காவலாக இருக்கின்றன, கதவு திறந்தபடி ஓடாமல் தடுப்பவை அவை. யாராவது மெக்கானிக் ‘சுவிட்ச் போயிடுச்சு, நேரா கொடுத்துட்டேன், இப்ப ஓடுது’ என்று சொன்னால் அந்த ஓவனைத் தொடாதீர்கள். உங்கள் நாத்தனார் பயப்படும் கதிர் உண்மையிலேயே வெளியே வரக்கூடிய ஓவன் அதுதான்.

பார்சல் டப்பாவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பல தடை செய்யப்பட்டன, ஆனாலும் சாம்பார் இன்னும் எத்தனையோ இடங்களில் மெல்லிய கவரிலும் லேசான டப்பாவிலும்தான் வருகிறது. அவை ஒரு தடவை கொண்டுபோக மட்டும் செய்தவை. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனங்கள் உணவில் இறங்குவது அதிகமாகும், நம்முடைய குழம்பும் குருமாவும் எண்ணெய் மிதப்பவை, வெறும் தண்ணீரைவிட அதிகமாகச் சூடேறி டப்பாவை உருக்கும் அளவுக்குப் போய்விடும். ஓவனுக்கு ஏற்றது என்ற குறி அடியில் இருக்கும் டப்பா பரவாயில்லை. அதுவும் உணவை வேறு பாத்திரத்துக்கு மாற்ற முடியாத அவசரத்துக்குத்தான். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் நான் சொல்வது: ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஒரு பீங்கான் தட்டும் ஓவனுக்கு என்றே எடுத்து வையுங்கள், எது வந்தாலும் அதில் கொட்டிச் சூடாக்குங்கள். அரை நிமிட வேலை. மெலமைன் தட்டு பார்க்கப் பீங்கான் மாதிரியே இருக்கும், அதை வைக்காதீர்கள். எவர்சில்வர், அலுமினிய ஃபாயில், பொன் விளிம்பு போட்ட கோப்பை, செய்தித்தாள், இதெல்லாம் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் பாத்திரம் தாங்குமா என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. காலியான அந்தப் பாத்திரத்தையும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் (கண்ணாடி டம்ளர்) வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகி பாத்திரம் குளிர்ந்தே இருந்தால் நல்லது. பாத்திரம் சுட்டால் அது வேண்டாம். தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, வெறும் ஓவனை ஓட்டினால் அலை எதிலும் போய்ச் சேராமல் திரும்பி மேக்னட்ரானையே சுடும்.

உங்களுடையது கன்வெக்‌ஷன் ஓவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே பெட்டிக்குள் இரண்டு அடுப்பு இருக்கிறது: ஒன்று அலையால் சூடாக்குவது, மற்றது சுடுகாற்றால் வேகவைப்பது. மைக்ரோவேவ் முறையில் இரும்புத் தட்டு ஆகாது, ஓவனுக்கு ஏற்றது என்ற குறி உள்ள பிளாஸ்டிக் டப்பா தாங்கும். கன்வெக்‌ஷனில் தலைகீழ்: 180, 200 டிகிரி சூட்டில் எந்த பிளாஸ்டிக் டப்பாவும் உருகிவிடும், கூடவே வந்த கம்பித் தாங்கியும் கேக் தட்டும் அதற்குத்தான். பொத்தான் மாறி அழுத்தி டப்பா உருகி ஒழுகிய ஓவன்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதிக் கதவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ரொம்ப உதவும். கன்வெக்‌ஷன் ஓடி முடிந்ததும் உள்சுவர் கொதித்துக்கொண்டிருக்கும், உடனே டப்பாவை வைக்கவும் கூடாது.

இனி சாப்பாடு. இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் கர்ப்பிணிக்கு ஓவனால் கெடுதல் வரும் என்றால் பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் போகும், அதற்கு உள்ளே இருப்பது பக்கத்துச் சூடு பரவித்தான் சூடாக வேண்டும். அதனால் குவித்து வைத்த சோற்றில் ஓரம் கையைச் சுடும், நடு ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லென்ற இடத்தில் கிருமி சாகாது. சோற்றைத் தட்டில் வளையமாகப் பரப்பி நடுவைக் காலியாக விடுங்கள், கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், மேலே மூடி போடுங்கள், ஆனால் ஆவி போக வழி இருக்கட்டும், இறுக்கி மூடினால் வெடிக்கும். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி வையுங்கள். மணி அடித்த பிறகு இரண்டு நிமிடம் உள்ளேயே விட்டால் சூடு சமமாகப் பரவும். எடுத்தால் முழுக்க ஆவி பறக்க வேண்டும், 74 டிகிரி என்பது கணக்கு. இட்லி என்றால் ஈரத் துணியைப் போர்த்தி வைத்தால் கல்லாகாது. ஃப்ரிட்ஜில் இருந்த கறி, மீன், முந்தின நாள் கூட்டு எதுவானாலும் மகளுக்கு வெதுவெதுப்பாகக் கொடுக்காதீர்கள், லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளைக் குறிப்பாகப் பாதிக்கும், நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும்.

ஆனால் சூடாக்கியும் தீராத ஒன்று சோற்றில் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அதன் வித்துக்கள் சோறு வேகும் சூட்டிலும் தப்பித்துவிடும். வடித்த சோறு அடுப்பு மேடையிலேயே பல மணி நேரம் கிடந்தால் அது பெருகி ஒரு நஞ்சை விடும், அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். மதியம் வடித்த சோறு ராத்திரி எட்டு மணிவரை வெளியில் இருந்து, பிறகு ‘ஓவனில் சூடாக்கிவிட்டேனே’ என்று சாப்பிடுவது இதனால்தான் தப்பு. மிச்சச் சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், உங்கள் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். எடுத்தால் ஒரு முறை சூடாக்கி அதோடு முடித்துவிடுங்கள். நீரூற்றிப் புளிக்க வைக்கும் பழைய சோறு வேறு விஷயம், அதை யாரும் ஓவனில் வைக்கப் போவதில்லை.

சூடு சம்பந்தமாக இன்னும் இரண்டு. வழவழப்பான புதுக் கண்ணாடிக் கோப்பையில் வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் அமைதியாக இருக்கும், எடுத்து காபித் தூளைப் போட்ட உடனே மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். தண்ணீருக்குள் ஒரு மரக்கரண்டியைப் போட்டு வையுங்கள், முடிந்ததும் அரை நிமிடம் விட்டு எடுங்கள். அப்புறம் முட்டை: ஓட்டோடு வைக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும், உரித்த அவித்த முட்டையும் வெடிக்கும் என்பது தெரியாது, அதுவும் வெளியே எடுத்துக் கடிக்கும்போது வெடிக்கலாம். பாதியாக வெட்டி வையுங்கள். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் போல தோல் உள்ளவற்றை முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்தி வைக்க வேண்டும்.

குழந்தைக்குப் பால்? வேண்டாம் அம்மா, இதில் நான் உறுதியாகச் சொல்கிறேன். பாட்டில் வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு இடத்தில் மட்டும் கொதிக்கும் சூடு இருக்கும், பிஞ்சு வாய் வெந்துவிடும். எடுத்துவைத்த தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புக்கான சத்துகளும் அதிகச் சூட்டில் கெடும். ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்துங்கள், நம் மணிக்கட்டின் உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்கிறேன்: எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறீர்கள்? 230 வோல்ட்டில் சாதாரணமாகச் சூடாக்கும்போதே உங்கள் ஓவன் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், கன்வெக்‌ஷன் போட்டால் 9, 10 ஆம்பியர். மிக்ஸிக்கு இருக்கும் 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் மாற்று செருகி வைத்தோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ ஓட்டினால் அந்த இடம் மெல்ல உருகும். 16 ஆம்பியர் பெரிய பிளக், தனி வயர், எர்த் இருக்க வேண்டும், பழைய வீடாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்ட வேண்டாம். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், மேலே துணி போர்த்துவதோ ஊறுகாய் பாட்டில் அடுக்குவதோ கூடாது, காற்றுப் போகும் ஓட்டைகள் அங்கேதான். உள்ளே எதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், சுவிட்சை அணையுங்கள், காற்று இல்லாமல் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் எல்லாரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

அப்பளம் தாராளமாகச் சுடலாம், மைக்கா ஷீட் மாற்றிய பிறகு. இரண்டு பக்கமும் லேசாக எண்ணெய் தடவி, தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் இரண்டு அப்பளம் வையுங்கள், கூடவே ஓரமாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். முதலில் 30 விநாடி, பொரியாத இடம் இருந்தால் திருப்பிப் போட்டு இன்னும் 10, 15 விநாடி. ஈரம் மிகக் குறைந்த பொருள் என்பதால் பொன்னிறம் தாண்டியதும் நொடியில் கரியாகும், எனவே அது முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கறிவேப்பிலையை, மிளகாயை உள்ளே வைத்துக் காயவைக்கும் வேலையும் இப்படித்தான் தீயில் போய் முடிகிறது, அதற்கு மொட்டைமாடி வெயிலே போதும்.